பிரித்துப் போட்ட எஞ்சின்

அட்-பாஷி
3 ஏப்ரல் 2003

சைகாலின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன லாரிதான் படுத்துவிட்டது. நீலப் புகை கக்குகிறது, ஆயிலைத் தண்ணீராய்க் குடிக்கிறது. மெக்கானிக் தூலத் அண்ணன் வந்து பார்த்தார். "ரிங், பிஸ்டன் எல்லாம் தேஞ்சுபோச்சும்மா. கிராங்கை இன்னும் ஒரே ஒரு தடவைதான் கடைசல் பிடிக்கலாம், அதுக்கு மேல தாங்காது. சரி பண்ணினாலும் முதல் மாசம் ஒரே ஆள்தான் மெதுவா ஓட்டிப் பழக்கணும். கண்டவன் மிதிச்சா போச்சு. உன் வீட்டுக்காரன் வர்றானா? வந்தா பிரிக்கிறேன். இல்லேன்னா பேசாம இரும்புக்குப் போட்டுடு" என்றார்.

பனி நாளில் நான் எஞ்சினுக்கு அடியில் தணல் வைத்துச் சூடாக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு குல்சாத், "புருஷன் இருந்தாக்கூட இப்படிக் கவனிப்பியாடி?" என்று வாயடிப்பாள். சிரித்து வைப்பேன். ஜூனில் எல்லோரும் ஆடுகளோடு மேய்ச்சல் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கூடாரம் ஏற்ற லாரி வேண்டாமா? வருவீர்களா, சொல்லுங்கள்.

உங்கள் அனார்குல்


சமாரா
20 ஏப்ரல்

அன்புள்ள அனார்,

எஞ்சினைத் தொடச் சொல்லாதே. அந்தக் கிழட்டு இரும்போடு மாரடித்து என்ன கண்டோம்? சுற்றி வளைத்து எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் வருவதற்கில்லை. இங்கே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, சாபம் மட்டும் விடாதே. பிள்ளையைப் பார்த்துக்கொள்.

எசென்


அட்-பாஷி
9 மே

எசென்,

கல்யாணமான நாளிலிருந்து உன் பெயரை நான் சொன்னதுமில்லை, எழுதினதுமில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதே. இனி எனக்கென்ன?

உன் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், "வருவார் அண்ணே, பிரிங்க" என்று நான்தான் சொன்னேன். எஞ்சின் துண்டு துண்டாய்க் கொட்டகைத் தரையில் கிடக்கிறது. கடிதம் வந்ததும் தூலத் அண்ணன், "என்னம்மா சொல்றான்? பூட்ட ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்ணே, இரும்புக்கே அள்ளிட்டுப் போங்க" என்றேன். அவ்வளவுதான், அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். குல்சாத் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பாவி, அவளும் அழுதாள். வயிறு எரிகிறது, எசென்.

அப்பா வந்து லாரியில் மலைக்குக் கூட்டிப்போவார் என்று சைகால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வரமாட்டார் என்று நான் சொல்லமாட்டேன், என்னால் ஆகாது. நீயே அவளுக்கு எழுது. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பெரிய எழுத்தாக எழுது.

அனார்குல்