புற ஊதா விளக்குப் பெட்டியில் அலுவலக டியூப்லைட் மாட்டியது குறித்து

அனுப்புநர்:
நீச்சல் பயிற்சியாளர் ஒருத்தியின் தாய்மாமன்,
தோல் பிரிவு வாசல் பெஞ்சு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: ஒளி சிகிச்சைப் பெட்டியில் தவறான விளக்கு மாட்டியதும், என் அக்காள் மகளின் தோல் வெந்ததும் – இந்த நிமிடமே நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை நான் அழுத்தி எழுதுகிற வேகத்தில் பெஞ்சில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறோம். கையெழுத்தைப் பொறுத்தருள்க.

1. என் அக்காள் மகள் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத் தருபவள். அவள் நீந்தினால் மீன்கள் வந்து பாடம் கேட்கும். அவளுக்கு முதுகிலும் கைகளிலும் செதில் செதிலாகச் சொரியாசிஸ். தொற்று நோயல்ல என்று தொண்டை வற்றச் சொல்லியும், "எங்க பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா யாரு பொறுப்பு?" என்று பெற்றோர் கேட்க, நீச்சல் குளத்து மேலாளர் "தோல் சரியானதும் வாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

2. தங்கள் மருத்துவர் புற ஊதா ஒளி சிகிச்சை எழுதினார். ஆளுயரப் பெட்டி, சுற்றிலும் விளக்குகள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. முதலில் சில நொடிகள். தோல் சிவக்காவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் கூடுதல். செதில்கள் உதிர்ந்தன. ஒரு முழங்கை வழவழவென்று ஆனது. அதை அவள் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினாள்.

3. பிறகு முன்னேற்றம் நின்றது. சிவப்பும் இல்லை. "சூப்பரா தாங்குதும்மா உன் தோல்" என்று சிஸ்டர் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டினார். இவள் எதிரே நின்றால் சூரியன்தான் குடை பிடிக்கும் என்று நானும் தம்பட்டம் அடித்தேன்.

4. நேற்று, அந்தக் கூட்டிய நேரம் முழுவதும் நின்று வந்தாள். மாலைக்குள் உடம்பு செக்கச் செவேலென்று ஆனது. இன்று காலை முதுகெல்லாம் கொப்புளம். சட்டை பட்டாலே அலறுகிறாள். நான் கதை அளப்பவன் என்பதற்கு என் குடும்பமே சாட்சி. இந்தப் பத்தியில் மட்டும் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

5. "புண் ஆறட்டும், கம்மியா ஆரம்பிக்கலாம்" என்று மருத்துவர் மருந்து கொடுத்தார். வெளியே வந்தால், ஏணியோடு மின் ஊழியர். இந்தப் பெட்டியில் ஏதாவது கோளாறா என்று சும்மாதான் கேட்டேன். "இப்ப இல்ல சார். ஒரிஜினல் டியூப் ஸ்டாக் இல்லாம கெடந்துச்சு. இருட்டா இருந்தா பேஷன்ட் பயந்துருவாங்கன்னு ஆபீஸ் டியூப்லைட்ட மாட்டி வச்சிருந்தேன். முந்தாநாள் ஒரிஜினல் வந்துச்சு, உடனே மாத்திட்டேனே!" என்று பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

ஐயா, எனக்குப் பேச்சு வரவில்லை. கல்யாணமான நாள் முதல் என் மனைவி காணத் தவமிருக்கும் காட்சி அது.

அதாவது, முன்னேற்றம் நின்றதிலிருந்து இத்தனை வாரங்கள் இவள் துணி களைந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கோப்பு பார்க்கும் வெளிச்சத்தில் நின்றிருக்கிறாள்! மாட்டியபோதும் யாரும் சிஸ்டரிடம் சொல்லவில்லை, கழற்றியபோதும் சொல்லவில்லை. டியூப்லைட்டை நம்பிக் கூட்டிய நேரம் அத்தனையும் நேற்று அசல் விளக்கில் இவள் முதுகில் இறங்கியிருக்கிறது.

6. "வெளிய நிக்கிறவங்களுக்கே உள்ள என்ன எரியுதுன்னு தெரியல. இனிமே நான் இதுல ஏறவே மாட்டேன் மாமா" என்கிறாள். ஏறாவிட்டால் தோல் தெளியாது. தெளியாவிட்டால் குளம் இல்லை.

ஆகவே, மின் ஊழியரைக் கழுவேற்ற வேண்டாம். அவர் நல்ல மனதோடு செய்தார், அதுதான் பயமாக இருக்கிறது. விளக்கு மாற்றினால் சிஸ்டருக்குத் தெரிவித்து, புற ஊதா மீட்டரால் ஒளியை அளந்த பிறகே பெட்டி இயங்கவும், சரியான விளக்கு இல்லாத நாளில் பூட்டு தொங்கவும் ஆணையிட வேண்டுகிறேன். அதே போலி வெளிச்சத்தில் நின்ற மற்றவர்களையும் உடனே எச்சரிக்க வேண்டும்.

இதை எழுதி முடிப்பதற்குள், அவர்களில் ஒருவரான தையல்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கொப்புள முதுகோடு இவள் ஓடிப்போய்ப் பெட்டியின் கதவை மறித்து நிற்கிறாள். "அளந்து காட்டட்டும்ணே, அப்புறம் போங்க. சரியா இருந்தா, புண் ஆறினதும் நானும் வர்றேன்" என்கிறாள்.

மீட்டரோடு வாருங்கள், ஐயா. அவளால் வெகுநேரம் நிற்க முடியாது.

இடம்: பெட்டிக்கு முன்னால்
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
அவளுக்குப் பக்கத்தில் நிற்கும்
தாய்மாமன்
(கையொப்பம்)