உன் தொடரில் வந்த அம்மா

புதுச்சத்திரம்,
ஞாயிறு

அன்புள்ள மகன் யோகேசுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை பிரவீனா மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று உன் தொடரின் கடைசி சீசனை டிவியில் போட்டு மூன்று பேரும் பார்த்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அசடு வழிவதைப் பார்த்து நமக்கே கூச்சமாகி முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிற மாதிரி எப்படித்தான் எழுதுகிறாயோ. மீசை முளைக்க விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போன பையனைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

நாலாவது எபிசோடில், ஆஸ்டலுக்குப் பெற்றவர்கள் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த அம்மா வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்து, தூக்குப்போசியைத் திறந்து, தன் பையனை விட்டுவிட்டு அவனோடு அறையில் இருக்கிற பெரிய பையனுக்கு நல்ல கறியாகப் பொறுக்கி வைக்கிறாள். எம்பையன் சூதுவாது தெரியாதவன் சாமி, நீதான் பாத்துக்கோணும் என்று அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பாத்துக்கறனுங்கம்மா என்கிறான். அன்று சாயங்காலமே அவள் பையனை ஜட்டியோடு குளியலறையில் நிற்கவைத்து, அம்மா சொன்னதை அம்மா குரலிலேயே திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறான். அச்சு அசல் நீதாம்மா என்று பிரவீனா என் தொடையில் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது நான் சொன்ன வார்த்தை, ஆஸ்டலில் உன் அறையில் இருந்த இளவழகனிடம் சொன்னது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில்தானே அவன் அம்மா நம் பிரவீனாவைப் பெண் கேட்டு வந்தார்கள், ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்வதாகப் பேசி முடித்திருக்கிறோம். உன்னைக் கேட்டதற்கு உங்க இஷ்டம் என்றாய், வேலை மும்முரத்தில் சொல்கிறாய் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று காலை அவனே போன் பண்ணி, மச்சான் தொடர் ரொம்ப நல்லாருக்குதுங்க அத்தை என்று சிரித்தான். எதுவும் மனதில் இல்லாமல் சிரித்தானா, எல்லாம் தெரிந்தே சிரித்தானா, எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தேன், கதையைப் பாத்துட்டு யாராச்சும் சம்பந்தத்தை நிறுத்துவாங்களா என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பிரவீனாவிடம் வாயே திறக்கவில்லை, அவள் நாளெல்லாம் அவனோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். கதைக்காக நீ கூட்டி எழுதியதாகவும் இருக்கலாம், பையன் இப்போது திருந்தியும் இருக்கலாம், ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாவது படிக்கும்போது, இனிமேல் நீ சோறு கொண்டாராதம்மா என்று ஒருநாள் சொன்னாய். அம்மா வந்தால் வெட்கமாக இருக்கிறதா என்று அத்தனை பேர் முன்னால் உன்னை ஏசினேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஜவுளி எடுக்க ஈரோட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. நிஜம் என்றால் ஆமாம் என்று மட்டும் சொல், மற்றதை அப்பாவிடமும் அவர்களிடமும் நான் பேசிக்கொள்கிறேன், ஊர் என்ன சொன்னாலும் சரி. வெளியே தண்ணீர் வாங்கிக் குடிக்காதே, காய்ச்சிக் குடி. கொல்லிமலை அறப்பளீஸ்வரர் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க மாட்டேன் சாமி. நீ சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் நான் அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா,
வசந்தாமணி