ஓ.டி. கேன்சல்

ஆவடி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

போன வாரம் நான் மாடியில் துணி காயப்போட்ட நேரத்தில் அப்பா கிளம்பிப் போய்விட்டார். "ஓ.டி. இருக்கு, வர லேட்டாகும்" என்று கீழ் வீட்டு நாகம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். ஃபேக்டரியிலிருந்து ரிட்டயராகி ஒன்பது வருஷம் ஆகிறது, இவருக்கு எந்த மகராசன் ஓவர்டைம் கொடுக்கிறான்! பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கும் "ஓ.டி." என்றிருக்கிறார். அவர் என்ன செய்வார்? ஓல்ட் டவுனைத்தான் சொல்கிறார் என்று அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அங்கே இறங்கி, காலி டிபன் பாக்ஸோடு, ஃபேக்டரி கேட் எங்கே என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டிருக்கிறார். சபீனா என்று ஒரு பெண், மண்ணூர்பேட்டையில் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். அவளுக்கும் ஓ.டி. பழக்கம்தானே, புரிந்துகொண்டுவிட்டாள். "ஐய, உனக்குத் தெரியாதா நைனா? இன்னிக்கி ஓ.டி. கேன்சல். வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாளாம். நீ சட்டைப் பையில் வைக்கச் சொன்ன சீட்டைப் பார்த்து எனக்குப் போன் செய்தாள். "பயப்படாதம்மா, நானே இட்டாந்து உட்டுர்றேன்" என்றாள். அன்றைக்கு அவளுக்கு அரை நாள் வேலை போயிற்று. ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் ஓடினாள். நான் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

நீ சொன்னபடி மறுநாளே பூட்டு வாங்கி கிரில் கேட்டில் போட்டேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினொரு மணி வரை நின்றார். "கேட்டைப் பூட்டிட்டாங்களே, ஸ்டிரைக்கா?" என்று கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை, கழற்றிவிட்டேன். கோபப்படாதே.

இப்போது தினமும் காலையில் நானும் கூடவே போகிறேன். பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே. கண்டக்டர் துலுக்கானத்திடம் விஷயத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏறும்போதே "இன்னா சார், ஓ.டி.யா?" என்பார். அம்பத்தூர் வந்ததும் "கேன்சலாம் சார், அப்டியே குந்துங்க, இதே பஸ்ஸு திரும்புது" என்பார். அப்பாவும் சமர்த்தாகத் திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்குகிறார்.

இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையே திரும்பிப் பார்த்து, "நீங்க எந்த செக்‌ஷன்மா?" என்று கேட்டார். நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணியவள் என்ன சொல்வேன்? "பெயிண்ட் செக்‌ஷன் சார்" என்றேன். "உங்க பக்கம் வெயில் அடிக்குதே, இப்படி வந்துடுங்க" என்று எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்துகொண்டார்.

பிரியா, போனில் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று இனிமேல் அவரைக் கேட்காதே. பதில் தெரியாத அன்று சாப்பிடவே மாட்டேன் என்கிறார். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள், போதும்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், எல்லாரும் நல்லபடியாக இருங்கள். லீவு வரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன்னைத் தெரியாவிட்டாலும், உட்கார இடம் கொடுப்பார்.

உன் அம்மா
பஞ்சவர்ணம்