தூக்கலாம் என்றார் டாக்டர்

ஜூன் 9
இன்றும் வீட்டுக்காரரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது வலது தோளில் நெருப்பு வைத்தாற்போல் இருந்தது. பாதியில் நழுவி இருவரும் தரையில் விழுந்தோம். பக்கவாதம் வந்த மனிதர், சிரிக்கிறார்! “என்ன கௌரவ்வா, இந்த வயசுல குஸ்தியா?” எனக்கு அழுகைதான் வந்தது. நாலு வருஷமாக இந்தக் கைதானே அவருக்குக் கால்.

ஜூன் 14
தார்வாட் ஆஸ்பத்திரி. மூட்டு தேய்ந்துவிட்டதாம், அதைப் பிடித்திருந்த தசைநார்களும் கிழிந்துவிட்டனவாம். தோள் மூட்டையே மாற்ற வேண்டும். எலும்பில் பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. “ஆறு மாசத்துல நல்லா தூக்கலாம் அவ்வா” என்றார் டாக்டர் ஹிரேமட், பெற்ற அம்மாவிடம் சொல்வதுபோல. அது போதும் எனக்கு. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், “தலைகீழா வெக்கறாங்களா? உன் புத்திக்குப் பொருத்தமா இருக்கும்” என்கிறார்.

ஜூலை 3
ஆபரேஷன் ஆயிற்று. இடது கை எழுத்து, கோழிக் கிறுக்கல்.

ஜூலை 22
கை தூளியில் தொங்குகிறது. இவரைத் தூக்க மகன் மஹாந்தேஷ் ஓர் ஆள் வைத்திருக்கிறான். அந்த ஆள் தூக்கும்போது இவர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். ஜோள ரொட்டியைப் பிய்த்து ஊட்டினேன். “சீ, இடது கையா!” என்று முகத்தைத் திருப்பினார். அப்புறம் பசி, வாயைத் திறந்தார்.

செப்டம்பர் 11
சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சி. கண் மட்டம் வரை வந்துவிட்டது. “இன்னும் கொஞ்ச நாள், பொறுத்துக்குங்க” என்றேன் இவரிடம்.

ஜனவரி 6
“கை தலைக்கு மேல போகுதே, பிரமாதம்!” என்றார் டாக்டர்.
“அவரை எப்பலேருந்து தூக்கலாம்?”
“யாரை?”
சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “ஐயோ அவ்வா, கையைத் தூக்கலாம்னுதானே சொன்னேன். பாரம் கூடாது. தண்ணிக் குடம்கூட வேண்டாம். மூட்டு கழண்டுடும்.”
“எத்தனை நாளைக்கு?”
“ஆயுசுக்கும்.”

கையை. கையை மட்டும்! நான் ஏன் கேக்கல? அந்த மனுஷன் ஏன் விளக்கிச் சொல்லல? பாவி, எதுக்குடி கையெழுத்துப் போட்டே?

ஜனவரி 7
இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 15
சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் கொடுத்து நல்ல வார்த்தை பேசுகிற நாள். மஹாந்தேஷ் பேசியது இது: “அந்த ஆள் இனி வரமாட்டான். ஹுப்பள்ளியில ஆம்பளைங்களுக்குன்னு ஒரு முதியோர் இல்லம் இருக்கு அவ்வா. தூக்க நாலு பேர் இருக்காங்க.”
இவர் என்னையே பார்த்தார்.

பிப்ரவரி 2
காலையில் வண்டி வந்தது. சட்டைப் பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன். இரண்டு பேர் அவரைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார்கள். பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனார். வண்டி திருப்பம் தாண்டும்வரை தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம்கூட வலிக்கவில்லை.