அமைதி அறையின் வாசல்

ஜூலை 7, திங்கள்
ஜொகூர் பாருவில் நான் மெய்ப்புப் பார்க்கும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், இன்றும் புதிதாய்ச் சேர்ந்த ஷர்மினியின் பிரதியைத் திருத்தினேன். மருந்தை உணவுக்குப் ‘பின்’ உட்கொள்க என்றிருக்க வேண்டியது, ‘முன்’ என்றிருந்தது. தமிழறியாதவள் அல்லள். ஆயினும் தடுப்புச் சுவரில்லாத எங்கள் கூடத்தின் பேச்சிலும் சிரிப்பிலும் ஒரு வாக்கியமேனும் முழுமையாய் மனத்தில் தங்குமா? மேலாளர் ரூபேந்திரன் சொல்லிவிட்டார்: “இந்த மாசம் பார்ப்பேன் ஐயா. தப்பு நிக்கலன்னா வேலைய கன்ஃபெர்ம் பண்ண முடியாது லா.” அவள் ஒருத்தியின் உழைப்பில்தான் தாயும் தம்பியும் வாழ்கின்றனர்.

ஜூலை 10, வியாழன்
கூடத்து மூலையில் கண்ணாடியால் அமைதி அறை கட்டி முடித்தார்கள். ஒலி புகவில்லை, ஆட்கள் புகுகிறார்கள்! ஷர்மினி அமர்ந்ததுதான் தாமதம், பக்கத்து இருக்கை ஜீவன் கதவைத் திறந்தான். “ஸ்டேப்ளர் இருக்கா?” மறுபடியும் திறந்தான். “பசிக்குது, மக்கான் போலாமா?” ‘தொந்தரவு செய்யாதீர்’ என்ற தாளைப் படித்துக்கொண்டே திறக்கிறான் — என்ன செய்வது?

ஜூலை 15, செவ்வாய்
பிரதிகளோடு நான் அவ்வறையில் அமர்ந்தேன். கருவறை முன் நிற்கையில் வந்து நிறையும் அதே நிசப்தம். காலையெல்லாம் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. வெளியே வந்தபோதுதான் கண்டேன்: நினைவின்றிச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டிருக்கிறேன். ஜீவன் சிரித்தான்: “உள்ள சாமியா ஐயா இருக்கு? செருப்பப் பார்த்ததும் கதவுல கை வைக்கவே வரல!”

ஜூலை 16, புதன்
ஷர்மினியும் காலணியை வெளியே விட்டாள். தேநீரோடு வந்த சக ஊழியை பஸீலா, அதைக் கண்டு ஓசையின்றித் திரும்பினாள். கோயிலில், பள்ளிவாசலில், வீட்டில் பழகிய கால்கள் அல்லவா! எழுத்துக்கு அடங்காதவர் இதற்கு அடங்குகின்றனர். இறைவா, மனித மனத்துள் எத்தனை வாசல்களை வைத்திருக்கிறாய்!

ஜூலை 18, வெள்ளி
கதவு நாள் முழுதும் மூடியே இருந்தது.

ஜூலை 25, வெள்ளி
அவள் பிரதியை மீண்டும் மீண்டும் படித்தேன். திருத்த ஒன்றுமில்லை. நல்ல வெண்பாவில் சீரோடு சீர் தளை கொண்டு நிற்பதுபோல் சொல்லோடு சொல் நின்றது. இதுநாள்வரை அவள் திறத்தையா அளந்தேன்? கூடத்தின் இரைச்சலையன்றோ! மெய்சிலிர்க்கிறது.

ஜூலை 31, வியாழன்
ரூபேந்திரன் கையொப்பமிட்டார்; ஷர்மினிக்கு வேலை நிரந்தரம். வாழ்த்தச் சென்றால், அவள் கூடத்தில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தட்டச்சு செய்கிறாள்.

“ஏனம்மா இங்கே?”

பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “வாசுகி அக்கா புதுசு இல்லையா ஐயா. இனி ஒரு மாசம் அவங்க உள்ள இருக்கட்டும்.”