மூன்றாவது காரணம்

2006, ஜூன் 5
இன்று வேலைக்குத் திரும்பினேன். மானாம்பதியில் பஸ் ஏறி உத்திரமேரூரில் இறங்கி ஆபீசுக்கு நடந்தேன். பிரசவத்தில் குழந்தை இறந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றுமில்லை. எதுவுமே தோன்றுவதில்லை.

தமிழ்வாணன் சார் சர்வே வேலையைக் கொடுத்தார். வீட்டிலேயே பிள்ளை பெற்ற பெண்களிடம் “ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?” என்று எங்கள் தொண்டு நிறுவனம் கேட்டிருக்கிறது. ஒருத்தி மூன்று காரணம் வரை சொல்லலாம். அதைப் பார்த்துத்தான் சென்னைக்காரர்கள் எங்கள் பக்கத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி கொடுப்பதா, விழிப்புணர்வுக் கூட்டம் போடுவதா என்று முடிவு செய்வார்களாம். இதைப் போய் என்னிடம் கொடுக்கிறோமே என்று சாருக்கு உறைக்கவில்லை. எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஜூன் 6
சாப்பிட்டேன். டைப் அடித்தேன். தூங்கினேன்.

ஜூன் 9
சென்னை ஆபீஸ் அனுப்பிய புது சாப்ட்வேர். முதலில், இரண்டாவதாக, மூன்றாவதாகச் சொன்ன காரணங்கள் மூன்று பத்திகளாக இருக்கின்றன. சார்ட் ஒரு பத்தியைத்தான் எடுக்கிறது. முதல் பத்தியைக் கொடுத்தேன். ‘வீட்டில் வழக்கமில்லை’ — பாதி வட்டத்துக்கு மேல் நீலம். “பாத்தியாம்மா, ஜனங்களுக்கு அவேர்னஸ் இல்ல. கூட்டம் போட்டா சரியாப் பூடும்” என்றார் சார். பிரிண்ட் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

ஜூன் 12
அம்முலு வந்தாள். வீடு வீடாகப் போய்க் கேட்டவள் அவள்தான். பிரிண்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“இன்னாக்கா இது? மாமியார்காரி வாசப்படில குந்திக்கினு கீது. அத்தோட எதிர்ல எந்தப் பொண்ணு வாயத் தொறக்கும்? வழக்கமில்லன்னுதான் சொல்லும். நான் குடிக்கத் தண்ணி கேப்பேன். கெழவி உள்ள போவும். அப்பத்தான் அந்தப் பொண்ணு மீதியக் கடகடன்னு சொல்லும்.”

அந்த மீதி மூன்றாவது பத்தியில் கிடக்கிறது.

சாயங்காலம் என் மாமியார் குழந்தையைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “அது வாங்கினு வந்த விதி அவ்ளோதான்.” நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன்.

ஜூன் 13
மூன்று பத்திகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி ஒரே நீளப் பத்தியாக்கினேன். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் அந்தப் பெண்ணின் நம்பர். மறுபடி சார்ட், இந்த முறை பட்டைகளாக. ‘வண்டி கிடைக்கவில்லை’ — எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கிறது. முக்கால்வாசிப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கோபம் வரவேண்டும் இல்லையா? வரவில்லை. என்ன ஆகிவிட்டது எனக்கு?

ஜூன் 14
“எல்லாம் கூட்டினா நூறு சதவீதம் தாண்டுதேம்மா, தப்பு” என்றார் சார். ஒருத்தி மூன்று காரணம் சொன்னால் தாண்டத்தான் செய்யும், வட்டமாகப் போடாமல் பட்டையாகப் போட்டிருப்பதே அதற்குத்தான் என்றேன். “மொதல்ல சொல்றதுதாம்மா முக்கியம். மூணாவது சும்மா வாய்க்கு வந்தது. பழசையே வை.”

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூன் 16
மீட்டிங்கில் இரண்டு படத்தையும் வைத்துவிட்டேன். சார் முறைத்தார். சென்னையிலிருந்து வந்த கீதா மேடமும் அதையேதான் கேட்டார்: “மூணாவதா சொன்னதையும் முதல்ல சொன்னதையும் எப்படிச் சமமா எண்றீங்க?”

எழுந்து நின்றேன். “என்னைக் கேட்டிருந்தாலும் மொதல்ல விதின்னுதான் மேடம் சொல்லியிருப்பேன். வூட்ல அப்டித்தான் சொல்றாங்க. மூணாவதாத்தான் சொல்லியிருப்பேன், வலியோட ரோட்ல வண்டிக்கு நின்னுக்கினே இருந்தேன்னு. அங்கியே எல்லாம் முடிஞ்சி போச்சின்னு.”

கீதா மேடம் பட்டைப் படத்தை மட்டும் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன். மனசு அப்படியேதான் இருந்தது.

ஆகஸ்ட் 21
வண்டி வந்துவிட்டது. கூட்டு ரோட்டில் நிற்கிறது. “நம்ம சர்வேதான்” என்று சார் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 2
மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு ஸ்வேதாவுக்கு வலி எடுத்து, வண்டி வாசலிலேயே வந்து நின்றது. என் மாமியார்தான் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். “அழுவாத தாயீ. அதான் வண்டி கீதே, இன்னா பயம்?” என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை போன அன்று வராத அழுகை. ஈரப் புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதேன். மாமியார் வந்தார். பக்கெட்டில் மிச்சமிருந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக உதறிப் போட்டார்.