தொட்டவனுக்குத்தான் டிக்

நவ. 14, வெள்ளி
காலையிலிருந்து தூசி. குவைத் ஃபர்வானியாவில் எதிர் பில்டிங்கூடத் தெரியவில்லை. டியூட்டி இல்லை. துணி துவைக்க, மீன் கழுவ, இரண்டும் பாக்கி.

மகன் ஜோயலின் அமெரிக்கன் ஃபுட்பால் கோச் போன். "நீங்க நர்ஸ், கவனமா எழுதுவீங்க" என்று ஆரம்பித்தார். பழைய மேட்ச் வீடியோக்களைப் பார்த்து, லைன்பேக்கர்கள் (இனி லை.பே.) பிளிட்ஸ் போனதில் எவ்வளவு பலன் என்று குறித்துத் தர வேண்டுமாம். துபாய் மேட்சுக்கு ஒரு லை.பே.யைக் குறைக்கப் போகிறார். ஜோயலும் லை.பே. ஊருக்குப் படிக்கப் போகுமுன் அவனுக்கு இதுதான் கடைசி மேட்ச். பெற்ற தாயிடமே கேட்கிறார்! மற்றவர்கள் நைசாக நழுவியிருப்பார்கள்.

ஐஸ் வைத்தால் உருகுகிற ஜென்மம் நான். சரி என்று தொலைத்தேன்.

நவ. 15, சனி
பிளிட்ஸ் என்றால்: பின்னால் காவல் நிற்க வேண்டிய லை.பே., நிற்காமல், பந்து எறிபவன் மேல் பாய்வது. எறியும் முன் தொட்டால் டிக். தொடாவிட்டால் கோடு. கோச் சொன்ன கணக்கில் வேறு கட்டம் இல்லை.

வார்டில் பழகிய கை. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே.

இன்னொரு லை.பே. பிலாலுக்கு டிக், டிக். ஜோயலுக்குக் கோடு, கோடு, கோடு. சாயா ஆறிப்போனது.

ஒரு வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். ஜோயல் பாய்கிறான். தடுக்க எதிர் டீமின் இரண்டு தடியன்கள் அவன்மேல் விழுகிறார்கள். அந்தப் பக்கம் வழி காலி. பிலால் ஹாயாகப் போய்த் தொடுகிறான். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்! இதை எந்தக் கட்டத்தில் எழுத?

உள்ளேயிருந்து ஜோயல்: "அம்மா, டோன்ட் ஃபேவர் மீ, ஓகே?"

"போ மக்களே, நான் கள்ளக் கணக்கா எழுதுவேன்?"

நவ. 18, செவ்வாய்
டியூட்டி முடிந்து நேராக கிரவுண்ட். கால் வீக்கம்.

தாளைக் கொடுத்தேன். இரண்டு தடியன்கள் விஷயத்தையும் சொல்லி, மொபைலில் வீடியோவையே காட்டினேன். கோச் சிரித்தார். "எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க, மேடம்."

நர்ஸ் எழுதினால் நம்புவார். அம்மா சொன்னால் நம்பமாட்டார். இரண்டும் நான்தானே?

பிலாலின் அம்மா ருபினாவும் பக்கத்தில் குனிந்து வீடியோ பார்த்தாள். லாகூர்க்காரி, நல்லவள். கோச் நகர்ந்த பிறகு என் கையைப் பிடித்து, "ஆப்கா பேட்டா ஹி ரஸ்தா கோல்தா ஹை, பாஜி" என்றாள். உங்கள் பிள்ளைதான் வழி திறக்கிறான், அக்கா. அதை ஒரு நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் கோச் நம்பியிருப்பார். ஆனால் பிலாலும் அதே இடத்துக்குத்தானே நிற்கிறான். நானாக இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. பஸ்ஸில் அழுதேன்.

நவ. 20, வியாழன்
லேசான மழை. கறிவேப்பிலை வாங்க மறதி.

வாட்ஸ்அப்பில் துபாய் லிஸ்ட். பிலால் உண்டு. ஜோயல் இல்லை.

வழக்கம்போல் சோறு தின்றான். தட்டைக் கழுவினான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "மக்களே, கோச்கிட்ட இன்னொருக்க பேசட்டா? நீ பாஞ்சதாலதான் அவன்..."

"அம்மா, ஸ்டாப்." தட்டை அடுக்கில் வைத்துவிட்டு, "நீங்க எழுதினதுல மிஸ்டேக் இருக்கா?"

"இல்ல மக்களே."

"தென் இட்ஸ் ஃபைன். அம்மா எழுதினா கரெக்டாத்தான் இருக்கும். நான் நல்லா ஆடல, அவ்ளோதான்."